அக்காவின் மூன்றாவது இங்கிலீஷ் பரீட்சை

பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் மலருக்கு ஒன்பதாம் வகுப்பைப் பற்றி எல்லோரும் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உங்களில் பேசத் தெரிந்தவர்கள் ஆண்டு விழாவைப் பற்றி எழுதுவீர்கள். மைசூர் மைன்ஸ் மைதானத்தில் நடந்த ஓட்டப் பந்தயத்தைப் பற்றியும் யாராவது எழுதுவீர்கள். நான் வகுப்பில் பேசாத பெண். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் என்றால் ஒன்றிரண்டு பேருக்கு என் முகம் நினைவு வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு ஒன்பதாம் வகுப்பு என்றால் இங்கிலீஷ் மிஸ் நடத்திய ஒரே ஒரு பாடம்தான். ஜெரண்ட் பிரேஸ். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது, மன்னித்துவிடுங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம் அது. மிஸ் கரும்பலகையில் நான்கு வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றின் முதல் பாதிக்கும் கீழே சாக்பீஸால் நீளமாகக் கோடு இழுத்தார். 'ஸ்விம்மிங் இன் த லேக் இஸ் டேஞ்சரஸ்' என்பது முதல் வாக்கியம். ஆபத்தானது எது என்று கேட்டார். ஏரி என்றான் ஒருவன். நீச்சல் என்றாள் ஒருத்தி. "ரெண்டும் இல்ல. ஏரியில நீந்துறது. அந்த நாலு வார்த்தையும் சேர்ந்துதான் ஒரு பேரு. பிரிச்சா போச்சு" என்றார் மிஸ். தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த தொழிற்பெயர்தான், ஆனால் இது தன் பின்னால் வரும் சொற்களையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

வேறு உதாரணம் கேட்டபோது கடைசி பெஞ்சுப் பையன்கள் நம் தங்கச் சுரங்கத்து வேலைகளை எல்லாம் வரிசையாக ஒப்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிரில்லிங், பிளாஸ்டிங், மக்கிங், டிம்பரிங். மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்ல எல்லாம் ஜெரண்டுதான் சோறு போடுது. எனக்குத்தான் இவ்வளவு நாள் தெரியல" என்றார். அன்று வகுப்பு முழுவதும் சிரித்தது. இன்னும் ஒன்றரை மாதத்தில் அந்தச் சோறு நிற்கப்போகிறது என்று மிஸ்ஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் பத்து வருடமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில், லைன் வீடுகளின் கடைசி வரிசையில் இருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அண்டர்கிரவுண்டில் டிம்பரிங் கேங்கில் இருந்தார். பாறை சரியாமல் இருக்கச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்து அவர் உள்ளே வந்தால் ஈர மரத்தின் வாசனையும் வெடிமருந்தின் வாசனையும் கலந்து வரும். இப்போது எங்காவது மர அறுவை மில்லைத் தாண்டிப் போனால் பாதி வாசனை கிடைக்கிறது. மீதிப் பாதி எங்கும் கிடைப்பதில்லை.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை விழுந்திருந்தாள். இரண்டாவது தடவை ஐந்து மார்க்கில் போனது. எங்கள் லைனிலிருந்து பெங்களூருக்குப் போய் நர்ஸாக இருந்த ஒரு பெண், தீபாவளிக்கு வந்தபோது அம்மாவிடம் சொல்லியிருந்தாள்: "எங்க ஆஸ்பத்திரியிலயே டிரெய்னிங் குடுக்கறாங்க அத்த. தங்கற எடம், சாப்பாடு எல்லாம் அவங்களே. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் ஷீட்டு மட்டும் இருந்தா போதும். ஜூன்ல நான் சொல்லி சேத்து உடறேன். இந்த வருசத்த உட்டா வயசு தாண்டிடும்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"இதான் கடைசி. இந்த தபா பாஸானா பெங்களூரு. இல்லன்னா குடியாத்தம்" என்றாள் அம்மா.

குடியாத்தம் என்றால் எங்கள் அத்தை மகன். தறி ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அக்காவுக்கு நர்ஸாக வேண்டும். ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது அம்மாவின் வெள்ளைப் புடவையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். போட்டோக்காரர் "இன்னாம்மா, சிஸ்டரா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் மட்டும் நான்கு தடவை சொன்னாள்.

அக்காவுக்கு ஜெரண்ட் பிடிபடவே இல்லை. 'இங்' என்று முடிகிற சொல்லைப் பார்த்தால் அது அந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

"ஈட்டிங்னா துன்னுகினு கீறான்னு தானே?"

"இல்லக்கா. துன்றதுன்னு அர்த்தம். அது ஒரு பேரு."

"யாரு துன்றது?"

"யாருமில்ல. சும்மா, துன்றது."

"யாருமே துன்னாம அது எப்டிடி துன்றது ஆவும்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் நோட்டைத் தூக்கி என் மடியில் போட்டாள். அந்த நோட்டுக்கு நைனா கொண்டுவந்த கம்பெனி வரைபடத் தாளில் அட்டை போட்டிருந்தாள். நீலக் கோடுகளில் சுரங்கத்தின் ஷாஃப்ட்டும் லெவல்களும் வரைந்திருக்கும். எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். தப்பான விடையைக்கூட அவள் அவ்வளவு அழகாக எழுதுவாள்.

நான்தான் கடைசிப் பெஞ்சுப் பையன்களின் உதாரணத்தைச் சொன்னேன். "நைனா இன்னா வேல செய்யிறாரு?" "டிம்பரிங்." "இப்ப நைனா தூங்கிகினு கீறாரு. இப்பவும் அவுரு வேலைக்குப் பேரு டிம்பரிங் தானே?" அக்கா திரும்பி, பாயில் குப்புறப் படுத்திருந்த நைனாவைப் பார்த்தாள். "ஆமா. அது பேருதான்" என்றாள். ஒற்றைச் சொல் வரைக்கும் அன்று தாண்டினோம். பல சொல் சேர்ந்து ஒரு பெயராவது மட்டும் அவளுக்கு எட்டவில்லை. போன வருடமும் அதில்தான் ஐந்து மார்க் போயிற்று என்று அவள் நம்பினாள்.

இந்த இடத்தில் கடியாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சாவி கொடுக்கிற பச்சை டைம்பீஸ் ஒன்று, சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் பின்தங்கும். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி சங்கு ஊதும்போது நைனா அதன் முள்ளைத் திருப்பிச் சரியாக வைத்துவிடுவார். எந்த ஷிஃப்டில் இருந்தாலும், வீட்டில் இருக்கிற நாளில் அதை அவர்தான் செய்வார். சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜுக்கு அவர் போய்விட்ட நாளில் அம்மா செய்வாள். உங்கள் வீடுகளிலும் இதே கதைதான் இருந்திருக்கும். நமக்கெல்லாம் மணி என்பது கடியாரத்தில் இல்லை, சங்கில்தான் இருந்தது. பால் காய்ச்சுவது, குழாயில் குடம் வைப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவது எல்லாமே சங்குக்கு முன்னால் அல்லது சங்குக்குப் பின்னால்.

பிப்ரவரி கடைசியில் கம்பெனி மூடியது. அதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை, எல்லோர் வீட்டிலும் அதே இழவுதான். நைனா கடைசி ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். மறுநாள் காலையில் சங்கு ஊதவில்லை. நைனா வழக்கம்போல விழித்து, கடியாரத்துக்கு முன்னால் போய் நின்று, கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பால்காரர் வந்து போனார். எதிர் வீட்டில் ரேடியோ போட்டார்கள். நைனா சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கடியாரத்தைத் திரும்ப வைத்தார்.

அதற்குப் பிறகு சாவி மட்டும்தான். முள்ளைத் தொடவில்லை.

எதிர் வீட்டுக்காரர் வைண்டிங் இன்ஜின் டிரைவர், கேஜை மேலும் கீழும் இழுக்கிற இயந்திரத்தை ஓட்டியவர். கையில் வாட்ச் கட்டியிருப்பார். ஒரு வாரம் கழித்து, அக்கா குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில், எங்கள் வீட்டுக்கு வந்தவர் கடியாரத்தைப் பார்த்தார்.

"இன்னா மாமா, கா மணி நேரம் பின்னால ஓடுது. இருங்க, நான் வெச்சி உடறேன்."

"அத்த தொடாத தம்பி" என்றார் நைனா. "சங்கு ஊதும். அப்ப வெச்சிக்கலாம்."

"ஊதுற ஆளே ஊட்டுக்குப் போய்ட்டான் மாமா."

"வேற ஆளு வருவான். பம்ப்பு இன்னும் ஓடிகினு தானே கீது? உள்ள தண்ணி எறைக்கிற வரைக்கும் மைனு சாவல. யூனியன்காரங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. மூணு மாசம் பாரு."

டிரைவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பானைக்குள் பார்த்தாள். அவர் தன் வாட்சைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டு போனார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கடியாரத்தைப் பற்றிப் பேசவில்லை. நைனா குரலை உயர்த்துகிறவர் இல்லை. ஆனால் அவர் பகலெல்லாம் அதற்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முள்ளை வேறு யாராவது திருப்பினால், மைன் செத்துவிட்டது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். அம்மா பேத்தமங்களா பக்கம் தக்காளித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தாள். இருட்டு பிரியும்போது கிளம்பி, பொழுது சாயும்போது வருவாள். அவளுக்குக் கடியாரம் வேண்டியிருக்கவில்லை. அக்கா வீட்டிலேயே இருந்தாள். வேண்டியிருந்தது எனக்கு மட்டும்தான்.

மார்ச் முதல் வாரத்தில் நான் இரண்டு நாள் பிரேயர் முடிந்த பிறகு வந்தேன். அடுத்த வாரம் முதல் பீரியடே பாதி முடிந்திருந்தது. மிஸ் என்னை வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வைத்தார். நீங்கள் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். "ஏன் லேட்டு?" என்று மிஸ் கேட்டார். எங்கள் வீட்டுக் கடியாரம் சங்குக்காகக் காத்திருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து கடியாரம் என்ன காட்டினாலும் அரை மணி முன்னதாகவே கிளம்பினேன். அரை மணி போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முன்னதாக. யாரிடமும் சொல்லவில்லை. என் கணக்கை நானே சரிசெய்துகொண்டேன். இதைத்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றி இருப்பவை.

மார்ச் நடுவில் நமக்கு ஆண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டார்கள். அக்காவின் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தன. இருவரும் சமையல் செய்கிற இடத்தில் உட்கார்ந்து படித்தோம். நைனா முன்பக்கம் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து கோர்ட்டு விஷயம் சொன்னால் நிமிர்வார், அவர்கள் போனதும் மறுபடி சாய்ந்துகொள்வார்.

ஒருநாள் மத்தியானம் நான் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் கேட்காமல் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"நைனாவோட வேலைக்கு இப்ப இன்னா பேரு தெரியுமா?"

"இன்னாக்கா?"

"சிட்டிங் அட் ஹோம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். "சிட்டிங்னு மட்டும் சொன்னா அது நைனா இல்ல. யார் வேணா உக்காரலாம். அட் ஹோம்னு மட்டும் சொன்னாலும் இல்ல. மூணும் சேந்தாத்தான் வேல. சிட்டிங் அட் ஹோம் இஸ் வெரி ஹார்ட்." அவள் கண்கள் பெரிதாகிவிட்டன. "ஏ, இதானாடி? இதுக்காடி ரெண்டு வருசம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் குலுங்கினோம். முன்பக்கத்திலிருந்து நைனா கேட்டார், "இன்னா, அங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல நைனா. இங்கிலீஷு" என்றாள் அக்கா.

"படிங்க, படிங்க" என்றார் அவர். அந்தக் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் ஜெரண்ட் பிரேஸ் ஆக்கினாள். குழாயடியில் குடம் வைத்துக் காத்திருப்பது. ஈர விறகில் அடுப்பு மூட்டுவது. குடியாத்தத்துக்குப் போகாமல் இருப்பது. பழைய வினாத்தாள்கள் ஆறை எடுத்துவைத்துக் கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குத் தெரிந்த வரைக்கும் அந்த வருடம் நம் ஊரில் ஜெரண்ட் பிரேஸை அவள் அளவுக்குப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை.

பரீட்சை நாளன்று அம்மா வழக்கம்போல விடியும் முன்னே போய்விட்டாள். போகும்போது அக்காவின் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனாள். பரீட்சை பத்தரை மணிக்கு, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ்ஸில் கால் மணி நேரம். துணைக்கு நான் போவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குக் கிளம்பினால் தாராளம் என்று நைனாவே முந்தின நாள் சொல்லியிருந்தார்.

கடியாரம் ஒன்பது காட்டியபோது அக்கா தலை பின்னி முடித்து, நோட்டை விரித்து உட்கார்ந்தாள். வாசலில் வெயில் இரண்டாம் படிக்கு ஏறியிருந்தது. அது ஒன்பது மணி வெயில் இல்லை. எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்ததால் கடியாரம் எவ்வளவு பின்னால் போயிருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பின்னால் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

"அக்கா, போலாம்" என்றேன்.

"இன்னும் அரை மணி கீதுடி. இந்த ஒரு பக்கம்."

"சீக்கிரமே போலாம்க்கா."

"இன்னாத்துக்கு? அங்க போய் கேட்டாண்ட வெயில்ல நிக்கவா?"

நைனா கடியாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து முள்ளைப் பார்த்தார். "பயப்புடாத பாப்பா. டைம் கீது. அவ படிக்கட்டும்" என்றார்.

கடியாரம் தப்பு நைனா. மூன்றே சொற்கள். அவற்றைச் சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருக்க மாட்டார். திட்டியிருக்கக்கூட மாட்டார். அவர் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று மட்டும் நினைத்தேன். நான் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அக்கா அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு ஒன்பதரைக்குச் சரியாக எழுந்தாள். நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அக்கா அதைக் கவனிக்கவில்லை, உதடு அசைந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"பரீட்சையாம்மா? இன்னாம்மா இவ்ளோ சாவகாசமா வர்ற?"

"பத்தரைக்குத்தாங்க" என்றாள் அக்கா.

"மணி பத்தே முக்கால் தாண்டிடுச்சேம்மா."

அக்கா சிரித்தாள், அவர் கிண்டல் செய்கிறார் என்று. அவர் கையை நீட்டி வாட்சைக் காட்டினார். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரின் வாட்சையும் குனிந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை.

கண்டக்டர் நல்ல மனிதர். ஸ்டாப் வருவதற்கு முன்பே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விசில் அடித்து நிறுத்தி இறக்கிவிட்டார். ஓடினோம். அக்காவின் ஒரு செருப்பு வழியிலேயே அறுந்தது, அதை விட்டுவிட்டு ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே இருந்த காவல்காரர் கன்னடக்காரர். "டைம் ஆய்த்தம்மா. அர்த கண்டெ ஆத்மேலே யாரையும் விடறதில்லை" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். அரை மணிக்கு மேல் தாமதமானால் உள்ளே விடக்கூடாது என்பது விதி. அப்போது மணி பதினொன்று தாண்டி ஐந்து நிமிடம். அக்கா கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஹால் டிக்கெட்டை உள்ளே நீட்டினாள். அதில் வெள்ளைப் புடவை கட்டிய அவள் முகம் இருந்தது. அவர் உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், நல்லபடியாகவே பேசினார். "நான் விட்டா என் வேலை போயிடும்மா. அடுத்த தடவை எழுது" என்றார்.

"அடுத்த தபா இல்ல சார்" என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை வரவில்லை. விளக்கம் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

வீட்டுக்குப் போகவில்லை. பரீட்சை முடிகிற நேரம் வரைக்கும் எங்காவது இருந்தாக வேண்டும் என்று அக்கா சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மூடிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் உட்கார்ந்தோம். தூரத்தில், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சைனைட் மேடு வெள்ளையாகத் தெரிந்தது. காற்று அடித்தபோது அதன் மாவு போன்ற தூசு வந்து உதட்டில் ஒட்டியது, உப்புக் கரித்தது. அக்கா செருப்பில்லாத காலை மற்ற காலின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனாவாண்ட சொல்லாத" என்றாள். "கடியாரத்தால போச்சின்னு தெரிஞ்சா அவுரு செத்துடுவாரு."

"சரிக்கா."

"என் தப்புதான். நீ போலாம் போலாம்னு சொன்ன. நாந்தான் அந்த ஒரு பக்கத்த படிச்சிகினு உக்காந்தேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும் அக்கா, மூன்று வாரமாகத் தெரியும் என்று. வெயில் கடைப்படியில் எங்கள் கால் வரைக்கும் வந்துவிட்டது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பரீட்சை விட்டதும் வெளியே வந்த பெண்களில் ஒருத்தியிடம் அக்கா வினாத்தாளைக் கேட்டு வாங்கினாள். நைனா பார்க்கவேண்டும் என்று கேட்பார் என்பதற்காக. அங்கேயே கடைப்படியில் உட்கார்ந்து பேனாவை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் குறித்தாள். ஜெரண்ட் பிரேஸ்களுக்கு அடிக்கோடு இடுக என்று ஐந்து வாக்கியங்கள் கேட்டிருந்தார்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்தும் சரி. "சரியா?" என்றாள். "சரிக்கா" என்றேன். அவள் தாளை நான்காக மடித்தாள்.

வீட்டில் நைனா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். கம்பெனி மூடிய பிறகு அவர் அப்படி எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. வினாத்தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, அடிக்கோடு இட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"இதெல்லாம் எழுதினியா?"

"எழுதினேன் நைனா."

"எல்லாமா?"

"எல்லாமும்."

அவர் எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, எங்க நர்ஸம்மா பரீட்ச எழுதிட்டு வந்துட்டா." அக்கா உள்ளே போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். செருப்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அக்கா தானே போய்ப் பார்த்துவிட்டு, தானே மார்க் ஷீட்டை வாங்கி, தானே அதை எங்கோ ஒளித்துவிட்டு வந்தாள். அதில் மார்க் இருக்கவேண்டிய இடத்தில், பரீட்சைக்கு வரவில்லை என்று போட்டிருந்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. "பெயிலு" என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு தபா. இதுக்கு மேல நான் இன்னா பண்றது? தலையில ஏறல அவ்ளோதான்." நைனா, "எல்லாம் எழுதினேன்னு சொன்னாளே" என்றார். அதை அவளிடம் கேட்கவில்லை, சுவரிடம் கேட்டார். பெங்களூரு நர்ஸ் பெண்ணுக்கு அம்மா ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதச் சொன்னாள். நான்தான் எழுதினேன். இந்தத் தடவையும் தேறவில்லை என்று எழுதினேன். ஜூன் மாதம் குடியாத்தத்தில் கல்யாணம்.

சங்கு திரும்ப ஊதவில்லை. பம்ப்பும் ஒருநாள் நின்றது.

மறு வருடம் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். அதற்குள் நைனா பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாக ரயிலில் போய்வர ஆரம்பித்திருந்தார். கையில் ஒரு பழைய வாட்ச் கட்டியிருந்தார். நான் எல்லாப் பாடத்திலும் தேறினேன், இங்கிலீஷில் நம் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது மார்க். நம்மில் சிலருக்கு அது நினைவிருக்கலாம். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அது வேறு கதை.

ரிசல்ட் வந்த வாரம் அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். இளைத்திருந்தாள். தறி வீட்டின் பஞ்சுத் தூசியில் இருமல் வந்திருந்தது. நைனா ரயிலிலிருந்து இறங்கி மைசூர் பாகு வாங்கிக்கொண்டு வந்தார். எதிர் வீட்டு டிரைவர், அவர் மனைவி, இன்னும் லைனில் மிச்சமிருந்த இரண்டு மூன்று வீட்டார் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். நைனா ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

"பெரியவளுக்கு மூணு தபா வராதது இவளுக்கு ஒரே தபாவுல வந்துடுச்சி பாருங்க" என்றார். "அவளும் கெட்டிக்காரிதான். ஆனா இங்கிலீஷு அவளுக்கு ஏறல. எல்லாருக்கும் ஏறுமா?"

"அதெல்லாம் மண்டையில இருக்கணும் மாமா" என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு என்னிடம் வந்து, தன் பங்குத் துண்டைப் பிட்டு என் வாயில் வைத்தாள். "எனுக்கு இவதான் சொல்லிக்குடுத்தா" என்றாள் அவர்களிடம். "நான்தான் ஒழுங்கா எழுதல."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நைனாவும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் இனிப்பு இருந்தது, நான் மென்றுகொண்டிருந்தேன்.